சாவி வீடு

அவன் சட்டை கசங்காமல் இருந்தது, அதனால்தானா? இல்லை, வாசலிலேயே ஷூவைக் கழற்றக் குனிந்தானே, அந்த மரியாதையில் மயங்கிவிட்டேனா? ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. 'யாருப்பா நீ?' அவ்வளவுதான். நாள் முழுக்க ஊராரைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிற வாய், அன்றைக்கு மட்டும் எங்கே போயிருந்தது?

கேமரா மாமா வீட்டு ஹாலில், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அவள் இதையேதான் மென்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்று ஸ்டேஷனிலிருந்து வந்த பெண் எஸ்.ஐ. பேசிக்கொண்டிருந்தார். வண்டி திருடு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி, வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் சந்தில் இருந்த எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. சில வீடுகளிலிருந்து குடும்பமே வந்திருந்தது. எதிர்வீட்டு நர்ஸின் ஸ்கூட்டர் பட்டப்பகலில் காணாமல் போனதிலிருந்து சந்தில் வேறு பேச்சே இல்லை.

எஸ்.ஐ. நன்றாகப் பேசினார். கைப்பிடிப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள், சக்கரத்துக்கும் ஒரு பூட்டு போடுங்கள். விளக்கு வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வெளியூர் போகும்போது வாசலில் செய்தித்தாள் குவிய விடாதீர்கள். வீட்டுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், திருடன் வந்தால் முதலில் உங்கள் செடியைத்தான் நலம் விசாரிப்பான். எல்லோரும் சிரித்தார்கள். நான்கைந்து பேர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்ததில், யார் யார் வீட்டுச் சாவி தொட்டிக்கடியில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

"இதுகூடப் பரவாயில்ல. யாருன்னே தெரியாதவன் வந்து கேட்டா, சாவியை எடுத்துக் கையில கொடுக்கிறவங்களும் இருக்காங்க. சொன்னா நம்ப மாட்டீங்க."

"அப்படியும் ஒரு அறிவாளி இருப்பாங்களா மேடம்?" என்றார் முன்வரிசையிலிருந்து ஒருவர்.

ஹால் குலுங்கியது. அவளும் சிரித்தாள். மற்றவர்களுக்குப் பின்னால், ஒரு நொடி தாமதமாக, பல் தெரிய. பக்கத்தில் இருந்த கணவர் சிரிப்பதைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் சிரிக்கிற முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று தோன்றியது. காது மடல் சுட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள்.

அந்தச் சந்து முட்டுச் சந்து. ஒரு பக்கம் பெரிய ரோடு, மறுபக்கம் பழைய கிடங்கு ஒன்றின் மதில். ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருபவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். எந்த வீட்டிலும் வண்டியை உள்ளே விட இடம் கிடையாது. வீட்டுச் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேண்டியதுதான். ஆகவே காலையில் முதலில் கிளம்புகிறவரின் வண்டி எப்போதும் கடைசியில் மாட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முன்னால் நிற்கிற வண்டிகளை நகர்த்தியாக வேண்டும். ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் சந்தில் விடிவதே சண்டையில்தான்.

அதற்கு வழி கண்டுபிடித்தது அவள்தான். சந்து முனையில் முதல் வீடு அவளுடையது. வேலையும் வீட்டிலிருந்தபடியே. எல்லோரும் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பலகை அடித்து, கொக்கி வைத்து, ஒவ்வொரு கொக்கியின் கீழும் வண்டியின் நிறத்தையும் வீட்டையும் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். யாருக்கு எந்த வண்டி இடைஞ்சலோ, அவர் வந்து சாவி வாங்கி நகர்த்திவிட்டுத் திருப்பித் தருவார். சண்டை நின்றது. அவள் வீட்டுக்குச் 'சாவி வீடு' என்று பெயர் வந்தது. அவளுக்குச் 'சாவியக்கா.' கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து 'முதல் வீட்டுக்காரரின் மனைவி'யாக மட்டுமே இருந்தவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வெளியே சொன்னதில்லை. ஆனால் யாராவது வாசலில் நின்று 'சாவியக்கா' என்று குரல் கொடுத்தால், கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்துகொள்வாள்.

வேலை, ஒரு வங்கியின் கார்டு உதவி மையத்தில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கதவோரத்து மேஜையில் உட்கார்ந்து, பலகைக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தபடி, கூப்பிடுகிறவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு எண். ஒன்று தப்பினாலும், "மன்னிக்கவும், உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று மறுத்துவிட வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் பெரியவர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். கார்டு மெஷினில் மாட்டிக்கொண்டதாம். பிறந்த தேதி கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துல சேர்க்கிறதுக்காக எங்கப்பா மாத்திக் கொடுத்த தேதியா, நெசத் தேதியாம்மா?" என்றார். இரண்டையும் சொன்னார். இரண்டும் பொருந்தவில்லை. மருந்து வாங்க வேண்டும் என்றார். அவள் விதிமுறையைச் சொன்னாள். அவர் கெஞ்சினார். அவள் மறுபடி விதிமுறையைச் சொன்னாள்.

அப்போதுதான் அவன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதோரம் ஒழுங்காக வெட்டிய முடி. படியேறியதும் ஷூவைக் கழற்றக் குனிந்தான், வேண்டாம் என்று அவள் கை காட்டினாள். "அக்கா, உள்ள ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்திருக்கு. அந்த நீல ஸ்கூட்டர் குறுக்க நிக்குது. கொஞ்சம் சாவி கொடுத்தீங்கன்னா நகர்த்திட்டுத் தந்துடறேன்."

அது நர்ஸின் வண்டி. நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பாள். எதற்கு எழுப்ப வேண்டும். காதில் பெரியவர் "உங்களுக்கும் அப்பா இருப்பாரில்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்க, வாய் "மன்னிக்கவும் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருக்க, அவளுடைய இடது கை தானாகப் போய்க் கொக்கியிலிருந்து சாவியை எடுத்து நீட்டியது. வெயிலில் வந்தவன் முகம் வியர்த்திருந்தது. மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலையும் காட்டினாள். குடித்தான். மூடியைத் திருகி வைத்தான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா."

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் மனம் நிறைந்தது. இப்போது நினைக்கும்போது அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏமாந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஏமாந்துகொண்டிருந்த அதே நேரத்தில், தான் எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். கன்னத்தில் தலையணையின் கோடு மறையவில்லை. "அக்கா, என் வண்டியை யாராவது நகர்த்தினாங்களா? காணோமே." அதற்குள் சாவியக்கா காலிக் கொக்கியைப் பார்த்துவிட்டிருந்தாள். எந்த வீட்டுக்கும் ஃப்ரிட்ஜ் வரவில்லை என்பதும் தெரிந்துவிட்டிருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது, "தெரியலையேம்மா."

அந்த ஒரு வார்த்தையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நர்ஸ் யோசித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டாள். முந்தின வாரம் வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது, சந்து முனை மெக்கானிக் பலகைச் சாவியைத்தான் வாங்கிப் போயிருந்தான். அதைத் திருப்பிக் கொடுத்தானா?

கொடுத்திருந்தான். அவள் கையில்தான் கொடுத்திருந்தான்.

"கொடுத்த மாதிரி ஞாபகமில்ல" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று இத்தனை நாளாகத் தன்னையே குடைந்து பார்த்துவிட்டாள். பயம் என்று சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மையில்லை. பயத்தில் மனிதர்கள் உளறுவார்கள். அவள் உளறவில்லை. நிதானமாக, நம்பும்படியாகச் சொன்னாள். நர்ஸின் கண்ணில் அந்தக் கேள்வி வந்தபோதே, பழியை இறக்கி வைக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று உள்ளே ஏதோ ஒன்று ஆசுவாசப்பட்டது. அந்த ஆசுவாசத்தை அவளால் மறக்க முடியவில்லை.

எஸ்.ஐ. பேசி முடித்ததும் கேமரா மாமா எழுந்தார். மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத் தலைவர். தன் வீட்டு வாசலில் கேமரா மாட்டியதிலிருந்து அவர் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது, வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவருடைய கேமராவில் நீல வண்டி பதிவாகவில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம். அன்றைக்குக் கேமராவைத் துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருந்தார்.

சந்தின் இரண்டு பக்கமும் கேமரா வைப்பது என்று முடிவானது. ஒரு கேமரா மெக்கானிக் கடையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. இனி வண்டிகளை அவனிடம் விட வேண்டாம் என்பதைத் தீர்மானமாகச் சொல்லவே தேவையிருக்கவில்லை. ஏற்கெனவே எல்லோரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். ஸ்டேஷனில் அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள் என்று அரசல்புரசலாகப் பேச்சு இருந்தது.

கிளம்பும்போது எஸ்.ஐ. கேட்டார், சாவிப் பலகை வைத்திருக்கிற அம்மா யார் என்று. எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. அவள் எழுந்து நின்றாள். "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வர்றேன்மா. அந்த மெக்கானிக் சாவியைத் திருப்பிக் கொடுக்கலைன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. அதை முறையா சொல்லிடுங்க. மேற்கொண்டு நாங்க பாத்துக்கறோம்."

தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, கேட்டுக்கு வெளியே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். கேட் திறந்துதான் இருந்தது. அவன் உள்ளே வரவில்லை. கணவர் முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மெக்கானிக் அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாகத்தான் இருப்பான். ஆனாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான்.

"மேடம், ஒரு நிமிஷம். நீங்க வேணும்னு சொல்லியிருக்க மாட்டீங்க. வேலை மும்முரத்துல மறந்திருக்கும். ஞாபகப்படுத்தினா வந்துடும்னுதான் வந்தேன்."

அவள் கேட் பக்கம் இரண்டடி வந்தாள்.

"அன்னைக்கு நீங்க போன்ல இருந்தீங்க. நான் உள்ள வரப் பாத்தேன், கையைக் காமிச்சீங்க, வேணாம்னு. சரின்னு கேட் கம்பி வழியா சாவியை நீட்டினேன். என் கையெல்லாம் கிரீஸு. நீங்க ஒரு பேப்பரைக் கிழிச்சு அதால புடிச்சு வாங்கினீங்க. ஞாபகம் வருதா மேடம்?"

அவன் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அந்தப் பேப்பரை அவன் ஒரு அடையாளமாக, அவள் மறந்ததை எடுத்துக் கொடுக்கிற உதவியாகத்தான் சொன்னான். அதில் அவள் வெட்கப்பட ஏதாவது இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. அப்படி எத்தனை பேர் பேப்பரால் பிடித்து வாங்கியிருப்பார்கள்.

"அதுமட்டும் சொன்னீங்கன்னா போதும். வீட்டுல பொண்டாட்டியே என்னை ஒரு மாதிரி பாக்கறா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். பதில் சொன்னது உதவி மையத்துக் குரல். கேட்ட மாத்திரத்தில் அவளுக்கே அடையாளம் தெரிந்தது.

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். முன்பு ஒரு தரம், மாமாவின் வண்டியை எடுக்க அவன் வந்தபோது, மாமாவுக்குப் போன் போட்டு அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் அவனை இதே கேட்டில் வெயிலில் நிறுத்தி வைத்தது நினைவுக்கு வந்தது. தினம் பார்க்கிற ஆள். அவள் வண்டிக்கே எத்தனையோ தரம் பஞ்சர் ஒட்டியவன். அவனிடம் எல்லாக் கேள்வியும் கேட்டாள். முன்பின் பார்த்திராத ஒருவனுக்குச் சாவியும் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தாள். திருடனை நம்பியதற்கு அவள் இத்தனை நாள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்று இப்போது தெரிந்தது. கூனிக் குறுகிப் போனாள். அந்த வெட்கம் ஒரு நாள் தவறால் வந்ததாக இருந்தால் கழுவிக்கொள்ளலாம். இது அவளுடைய கண், அவள் இத்தனை வருஷமாக ஆட்களைப் பார்த்து வந்த விதம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னாள். தட்டைக் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

"வெளியில மூச்சு விட்டுடாதே" என்றார். பிறகு அவளுக்காகவே சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தார். யார் இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். காதில் போன் இருந்தது. அவன் கைதேர்ந்தவனாக இருப்பான். பேசப் பேச அவளுக்கு அவர் மேல் பாசமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. "உன்னை இந்த சந்துல எல்லாரும் எவ்வளவு மரியாதையா வெச்சிருக்காங்க" என்று முடித்தார். ஆமாம், அதுதான் விஷயம், என்று நினைத்துக்கொண்டாள். அந்த மரியாதைக்காகத்தான் அவள் இன்னொருவனுடைய மரியாதையை எடுத்துக் கொடுத்திருந்தாள். அதையும் இடது கையால்.

அவர் தடுக்கத் தடுக்க எதிர்வீட்டுக்குப் போனாள்.

நர்ஸ் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தனியாக இருப்பவள். வண்டி போனதிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். என் வண்டியை எடுத்துக்கொள் என்று சாவியக்கா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருந்தாள். "உங்க வண்டியைத் தொலைச்சா நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்று நர்ஸ் சிரித்து மறுத்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தபடியே, அவள் வாளிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். வெள்ளைச் சட்டை, ஃப்ரிட்ஜ், தண்ணீர் பாட்டில், மெக்கானிக் திருப்பிக் கொடுத்த சாவி. ஒன்றையும் விடவில்லை.

நர்ஸ் குழாயை மூடினாள்.

"தண்ணி வேற கொடுத்தீங்களா?"

"ம்."

"குளிர்ந்த தண்ணியாக்கா?"

நர்ஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கினால் பட்ட கடனில் கொஞ்சமாவது கழிகிற மாதிரி இருக்கும். அவள் சந்தைக் கடந்து வந்தாள். அவ்வளவு குறுகலான சந்து, கடக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

மறுநாள் எஸ்.ஐ. வருவதற்கு முன்னாலேயே அவர்கள் வந்தார்கள். கேமரா மாமாவும் நர்ஸும். கணவர் வேலைக்கு லீவு போட்டிருந்தார். அவளும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருந்தாள். நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். கணவர் டீ போட்டார். டீ போடுகிற பழக்கமே இல்லாதவர் போட்ட டீ. யாரும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

நர்ஸ் சொல்லித் தனக்கு எல்லாம் தெரியும் என்பதை மாமா சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நடந்தது நடந்துவிட்டது. மனுஷர்களுக்குத் தவறு வருவது சகஜம். கேமராவைத் துடைப்பதற்கு அவரும்கூட அந்த நாளைத்தான் பார்த்தார். இப்போது யோசிக்க வேண்டியது, நர்ஸுக்கு நஷ்டம் வராமல் பார்ப்பது எப்படி என்பதுதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற தன் மச்சானிடம் விசாரித்துவிட்டாராம். சர்வீஸுக்கு வாங்கிப் போனவன் சாவியைத் திருப்பித் தராமல் வண்டி காணாமல் போயிருந்தால் பேச இடமிருக்கிறது. நாமே எடுத்து வழிப்போக்கன் கையில் கொடுத்தோம் என்றால் கம்பெனிக்காரன் ஃபைலைத் திறக்கக்கூட மாட்டான் என்று மச்சான் சொன்னாராம்.

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை ஒண்ணும் புதுசா பொய் சொல்லச் சொல்லலம்மா" என்றார் மாமா. "ஏற்கெனவே சொன்னதையே சொல்லு. அவ்வளவுதான்."

"மெக்கானிக்குக்கு என்னாகும் மாமா?"

"என்ன ஆகும்? ஆதாரம் இல்லைன்னு நாலு நாள்ல விட்டுடுவாங்க. அவனுக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

"அவர் இதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போனதே இல்ல."

'அவர்' என்று சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது. கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, போகலைன்னே வெச்சுக்கோ" என்றார் மாமா. "நாளைக்கு இந்தத் தெருவுல உன் பேரு என்னாகும், அதை யோசிச்சியா? நேத்து மீட்டிங்ல சிரிச்சாங்களே, பாத்தியா? அத்தனை பேரும் உன் மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பாங்க. நீ எப்படி வெளியில வருவே?"

மாமா கெட்டவர் இல்லை. அவள் முகத்தில் ஈயாடாததைப் பார்த்து உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதை அவள் இத்தனை நாள் ஆயிரம் தரம் தன்னிடமே கேட்டிருந்தாள். அந்த ஹாலில் அவள் எழுந்து நிற்பதாகவும், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பதாகவும், சிரிப்பு வருவதாகவும் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தரமும் அங்கேயே நினைப்பை நிறுத்திக்கொள்வாள். சிரித்து முடித்த பிறகு என்ன நடக்கும் என்று இன்றைக்குத்தான் யோசித்தாள். சிரித்து முடித்த பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஒன்றிரண்டு பேர் போகிற வழியில் தொட்டிக்கடியில் இருக்கிற சாவியை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

"அக்கா" என்றாள் நர்ஸ். அப்போதுதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "மாமா சொல்றதுக்காகச் சொல்லலக்கா. எனக்காகக் கேக்கறேன். அந்த வண்டியை எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கினேன்னு உங்களுக்குத் தெரியும். ராத்திரி டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கறப்போ எப்படி இருக்கும்னும் தெரியும். நீங்க தொலைச்சதை நீங்கதான் மீட்டுக் கொடுக்கணும். நான் வேற எதுவும் கேக்கலயே. கோபம்கூடப் படல."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் மனம் உடைந்தது. மாமாவை மறுப்பது சுலபம். கணவரைக்கூட மறுத்துவிடலாம். ஆனால் இவள் தூங்கட்டும் என்றுதானே சாவியைக் கொடுத்தாள். இவளுக்குக் கடன்பட்டிருக்கிறாள். கேட்கிற உரிமை இவளுக்கு உண்டு. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நர்ஸுக்கு வண்டி வரும். தெருவில் அவள் பெயர் இருக்கும். கணவர் ஜன்னலைத் திறந்து வைப்பார். மெக்கானிக் மட்டும் எப்போதும் போலக் கேட்டுக்கு வெளியே நிற்பான். அவனுக்கு அது பழக்கம்தானே. மாமா சொன்ன அதே வார்த்தை தன் மனதில் எவ்வளவு சுலபமாக வந்து உட்கார்கிறது என்று அவளுக்கே திடுக்கென்றது.

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சந்துக்குள் நுழைய முடியாது. முனையிலேயே நிறுத்தியிருப்பார்கள். கணவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே வரி. கொடுத்த மாதிரி ஞாபகமில்ல. அப்புறம் நான் பேசிக்கறேன். சரியா?"

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு நீரில் ஊறி ஊறிச் சொரசொரத்த விரல்கள். அவள் அந்தக் கையை விலக்கவில்லை. இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

"உனக்கு நான் என்ன செய்யணுமோ, எத்தனை வருஷம் ஆனாலும் செய்வேன்மா" என்றாள். இந்தத் தரம் அது அவளுடைய குரல்தான். "இதை மட்டும் கேக்காதே. அவர் என் கையிலதான் கொடுத்தார். அதைத்தான் சொல்லப்போறேன்."